ஐடு, யூடு, வீடு, தேடு: இங்கிலீஷின் அந்தக் கடைசி 'டு'

6 மே, இரவு 9.12 | மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டது

டீச்சர், என் மகள் படிவம் 4. காணொளி பார்த்துப் பார்த்து ஐடு, யூடு, ஹீடு என்றே பேசுகிறாள். "ஐ வுட்னு முழுசா சொல்லும்மா" என்றால், "எல்லாரும் இப்படித்தான் பேசுறாங்க" என்கிறாள். இது சோம்பேறி இங்கிலீஷ்தானே? எங்கள் காலத்தில் இப்படிச் சொன்னால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் முழுசாக, ஒழுங்காக வரட்டும். சுருக்கமெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

6 மே, இரவு 10.05

சரியில்லை அக்கா. மகள் பேசுவதுதான் ஒழுங்கான பேச்சு இங்கிலீஷ்.

ஐ வுட், யூ வுட், ஹீ வுட் என்று சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னால், இங்கிலீஷிலேயே வளர்ந்தவர் காதில் அது அழுத்திச் சொன்னதாக விழும். "ஐ வுட் ஹெல்ப் யூ" என்று வுட்டை அழுத்தினால், "உதவத்தான் செய்வேன், ஆனா..." என்று நாம் இழுக்கிறோமே, அதுதான். அடுத்து ஒரு 'பட்' வருமென்று எதிரே இருப்பவர் காத்திருப்பார். இழுவை இல்லாமல் இயல்பாகச் சொல்ல ஐடு.

எழுத்து வேறு. விண்ணப்பம், அதிகாரபூர்வக் கடிதம், கட்டுரை எல்லாவற்றிலும் முழு வடிவம்தான். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் இங்கிலீஷ் 2021-இலிருந்து வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள். பேச்சுத் தாளில் சுருக்கிப் பேசுவதால் குறையொன்றும் வராது. கேட்டல் தாளில் சுருக்கம் காதில் விழாவிட்டால்தான் மார்க் போகும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள்.

7 மே, காலை 6.50

இதை விளக்காமல் விட மனம் வரவில்லை. ஐ, யூ, ஹீ, ஷீ, வீ, தே என்ற இந்தச் சொற்களின் பின்னால் ஒட்டும் 'டு' இரண்டு சொற்களின் மிச்சம். ஒன்று வுட், இன்னொன்று ஹேட். காதுக்கு இரண்டும் ஒன்றே. எது எது என்று 'டு' சொல்லாது. அடுத்து வரும் வினைதான் சொல்லும்.

"ஐடு டேக்": எடுப்பேன். வுட்.
"ஐடு டேக்கன்": எடுத்திருந்தேன். ஹேட்.
"ஷீடு பீ", "ஷீடு பீன்": முதலாவது வுட், அடுத்தது ஹேட்.

வினை மொட்டையாக நின்றால் வுட். மூன்றாம் வடிவத்தில் நின்றால் ஹேட். "ஐடு பெட்டர் கோ" மட்டும் இதற்கு அடங்காது. கோ மொட்டையாகத்தான் நிற்கிறது, ஆனாலும் அது ஹேட். "ஐடு ராதர் கோ" வுட். சந்தேகம் வந்தால் பின்னால் ஒரு கேள்வி வாலை ஒட்டிப் பாருங்கள். "ஹீடு பெட்டர் கோ, ஹேடன்ட் ஹீ?" "ஹீடு ராதர் கோ, வுடன்ட் ஹீ?" வால் காட்டிக்கொடுத்துவிடும். நம் ஊரில் எல்லா வாக்கியத்துக்கும் "இஸின்ட் இட்" ஒன்றே வால், அல்லது வெறும் "லா". அதனால் இந்தச் சோதனை நம் பிள்ளைகளுக்குத் தானாக வராது. சொல்லிக்கொடுக்க வேண்டும்.

7 மே, மதியம் 1.15

'ஐட்' என்று எழுதாமல் ஏன் 'ஐடு' என்று எழுதுகிறீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டுமென்றுதான் எழுதுகிறேன்.

நம் பெரியவர்கள் ரோடு, போர்டு, கார்டு என்பார்கள். பிளேட்டு, ஷர்ட்டு, கேட்டு என்பார்கள். மூலச் சொல்லில் மெலிந்த ஒலி இருந்தால் ஒற்றை டு. வலுத்த ஒலி இருந்தால் ட்டு. பள்ளிக்கூடப் படி ஏறாத பாட்டிக்கும் இந்த வித்தியாசம் நாக்கிலேயே இருக்கிறது. பேரப்பிள்ளைகள் 'ஸ்டைலாக' இருக்கட்டுமென்று அந்தக் கடைசி உகரத்தை விட்டார்கள். உகரத்தோடு டகரமும் போய்விட்டது. "ஐடு கோ" இருக்க வேண்டிய இடத்தில் "ஐ கோ".

அதனால் என் வகுப்பில் தொடக்கத்தில் உகரத்தோடுதான் சொல்லச் சொல்வேன். ஐடு கோ, யூடு கோ, ஹீடு கோ, ஷீடு கோ. வீடு கோ, தேடு கோ என்று வரும்போது பின்வரிசை சிரிக்கும். சிரிக்கட்டும். பலகையில் 'வீடு தேடு' என்று பெரிதாக எழுதிவைத்துவிட்டால் அந்த இரண்டும் ஆயுளுக்கும் மறக்காது. அந்தக் கடைசி உகரம் நம் இலக்கணத்திலேயே குற்றியலுகரம், அரை மாத்திரைதான். அரையை இன்னும் கொஞ்சம் குறைத்தால் இங்கிலீஷ் ஒலி வந்துவிடும். டகரம் இருந்த இடத்திலேயே நிற்கும்.

7 மே, இரவு 9.40

தம்பி ஒருவர்: "ஒத்த எழுத்துக்கு இவ்வளவு பேச்சா? இடத்தைப் பார்த்தாலே என்ன சொல்ல வர்றாங்கன்னு புரிஞ்சிடுமே."

எப்போதும் புரியாது தம்பி. கற்பிக்க வருவதற்கு முன் ஈப்போவில் ஒரு ஹோட்டல் கவுண்டரில் வேலை செய்தேன். ஒரு பின்னிரவில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம் வந்து நின்றது. அப்பாவின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அம்மா பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். அப்பா சொன்னது, "வீடு புக்ட் டூ ரூம்ஸ்." பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண். தோட்டத்துப் பிள்ளை, இலக்கணத் தாளில் நல்ல மார்க் வாங்கியவள். அவள் காதில் விழுந்தது "வீ புக் டூ ரூம்ஸ்". இரண்டு அறை வேண்டுமென்கிறார் என்று கணினியில் விலையைப் பார்த்து, "டுநைட், சார்?" என்றாள். அவர் அதையே இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார். அவளும் விலையை இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது. நான் முன்பதிவுப் பட்டியலில் பெயரைத் தேடிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் காதில் கோளாறு ஒன்றுமில்லை. ஒலிகளைப் பாருங்கள். 'வீடு'-வின் டகரத்தை அடுத்து வந்த 'பு' மூடிவிட்டது. 'புக்ட்'-டின் கடைசி ஒலி 'டூ'-வின் முதல் ஒலியோடு கலந்துவிட்டது. ஏற்கெனவே பதிவு செய்திருந்தோம் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இருந்த சாட்சியே அந்த இரண்டு ஒலிகள்தான், இரண்டும் மறைந்துவிட்டன. இப்படி ஒன்று வரக்கூடும் என்று முன்பே பழகிய காதுதான் அதைப் பிடிக்கும். முழு வடிவம் மட்டும் படித்த காது, வராத வுட்டுக்கும் வராத ஹேட்டுக்கும் காத்துக்கொண்டிருக்கும்.

9 மே, இரவு 8.20

இது இணையத்தில் பிறந்த பழக்கம், அமெரிக்கக்காரன் கெடுத்தது என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார்.

இல்லை அண்ணே. 1710 செப்டம்பர் 28-ஆம் தேதி டாட்லர் இதழில் ஜோனதன் ஸ்விஃப்ட் இந்த மாதிரிச் சுருக்கங்களைக் கண்டித்து எழுதினார். அந்தக் காலத்து நாகரிக ஆட்கள் எழுதும் கடிதம் எப்படிக் கெட்டுப்போயிருக்கிறது என்று காட்ட ஒரு மாதிரிக் கடிதமும் போட்டார். அதில் 'ஐடு ஹா' இருக்கிறது. ஐ வுட் ஹேவ் என்பதன் சுருக்கம். அமெரிக்கா என்ற நாடே அப்போது பிறக்கவில்லை. அவ்வளவு பெரிய எழுத்தாளர் கண்டித்தும் அது போகவில்லை. முந்நூறு வருஷம் தாண்டி அக்கா மகள் வாயில் நிற்கிறது.

வுட் என்று எழுதும்போது நடுவில் ஓர் எல் போடுகிறோமே, அதுவும் ஒரு காலத்தில் ஒலித்த எல்தான். தேய்ந்து போனது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. 'கேன்' என்பதன் இறந்தகாலமான 'குட்'-டில் இருக்கும் எல்லுக்கு அந்த உரிமைகூட இல்லை. வுட், ஷுட் இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, 'முழு வடிவம்' என்று நாம் பிடித்துக்கொண்டிருப்பதே பாதி தேய்ந்ததுதான்.

10 மே, காலை 7.05

அக்கா தன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், அருமையாக இங்கிலீஷ் பேசுவார், ஆனால் கடிதத்தில் "ஐ ஷுட் பி ஒப்லைஜ்டு" என்றுதான் எழுதுவார், அது பிழையா என்று கேட்டிருக்கிறார்.

பிழையே இல்லை. பழைய பிரிட்டிஷ் வழக்கில் ஐ, வீ இரண்டுக்கும் ஷுட், மற்றவர்களுக்கு வுட். துரைமாருக்குக் கடிதம் எழுதிய தலைமுறை அதைத்தான் கற்றது. இன்று ஐ வுட் என்றே எழுதுகிறார்கள். பேச்சில் எல்லாம் ஐடுக்குள் அடங்கிவிட்டதால் அந்தப் பஞ்சாயத்தே இல்லை.

அப்பா நன்றாகப் பேசியதற்கும் காரணம் உண்டு. அவர் இங்கிலீஷ் வழிப் பள்ளியில் படித்தவராக இருப்பார். நாள் முழுக்கக் காதில் விழுந்திருக்கும். 1970-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி அந்தப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. அதற்குப் பிறகு வந்த நமக்கு இங்கிலீஷ் ஒரு பாடம், ஒரு புத்தகம், ஒரு தேர்வு. புத்தகத்தில் ஐடுக்கு வேலை குறைவு. நாம் காதால் இழந்ததைத்தான் மகள் காணொளியில் காதால் மீட்டுக்கொண்டிருக்கிறாள். தயவுசெய்து தடுக்காதீர்கள் அக்கா.

11 மே, இரவு 10.30

இன்று வகுப்பில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும்.

வீட்டில் பெரியவர் ஒருவரைப் பேசவிட்டுத் திறன்பேசியில் பதிந்து, அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று கொடுத்திருந்தேன். ஒரு பையன் தன் பாட்டியைப் பதிந்து வந்தான். ரப்பர் தோட்டம் செம்பனைக்கு மாறும் வரை லயத்து வரிசை வீட்டிலேயே இருந்து, பிறகு தாமான் குடியிருப்புக்கு வந்த குடும்பம். பாட்டியின் குரல் அப்படியே கணீரென்று கேட்டது:

"விடியக்காலம் மணி அடிப்பாங்க. பெரட்டுக்கு ஓடுவோம். கிராணி பேர் கூப்பிடுவாரு. வெட்டுக்காட்டுக்குப் போயி ஒட்டுப்பாலை உருவிட்டுத்தான் மரத்தை வெட்டுவோம். வெயில் ஏறுறதுக்குள்ள பால் எடுப்போம். காண்டா வாளியத் தோள்ல போட்டுக்கிட்டு ஸ்டோருக்கு நடப்போம். மழை பேஞ்சா அன்னைக்குச் சம்பளம் போயிடும்."

பெரட்டு என்றால் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது. மரத்தை வெட்டுவது என்றால் பாலுக்காக ரப்பர் மரத்தைச் சீவுவது. ஒட்டுப்பால் சீவிய இடத்தில் உறைந்த பால். காண்டா தோளில் வாளி தொங்கவிடும் கட்டை.

பையன் எழுதியது: "தே வில் ரிங் த பெல். வீ வில் ரன்." வகுப்பில் ஒருத்தி சட்டென்று, "பாஸ்ட் டென்ஸ்டா!" என்றாள். "பாட்டி அப்படித்தான சொல்லுது" என்றான் அவன்.

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடிப்பாங்க, ஓடுவோம், கூப்பிடுவாரு, நடப்போம்: வடிவத்தைப் பார்த்தால் எல்லாம் எதிர்காலம். நடந்ததோ ஐம்பது வருஷத்துக்கு முன்னால். வழக்கமாக நடந்ததைச் சொல்லத் தமிழ் எதிர்கால வடிவத்தைத்தான் எடுக்கும். யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, பிறந்ததிலிருந்து பேசுகிறோம். இங்கிலீஷும் இதே வேலையைச் செய்கிறது. வில் எதிர்காலம். வில்லின் இறந்தகால வடிவம்தான் வுட். பழைய வழக்கத்தைச் சொல்ல அந்த வுட்டை எடுக்கிறார்கள், பேச்சில் அது 'டு' ஆகிறது. பையன் ஒரே ஒரு படி தூரத்தில் நின்றான்.

பலகையில் எழுதினோம். தேடு ரிங் த பெல். வீடு ரன் டு த மஸ்டர். கிராணி வந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்றோம். "த கிளார்க்டு கால்" என்று பேச்சில் வரும், ஆனால் எழுத்தில் கண்ணை உறுத்தும். பெயர்ச்சொல்லில் 'டு' அவ்வளவு சுலபமாக ஒட்டாது. ஒரு முறை கிளார்க் என்று சொல்லிவிட்டு, அடுத்த வரியிலிருந்து ஹீடு. "ஹீடு கால் அவர் நேம்ஸ்."

கடைசி வரிக்கு வந்தபோது எனக்கே மெய்சிலிர்த்தது. "மழை பேஞ்சா சம்பளம் போயிடும்." இஃப் இட் ரெய்ண்டு, வீடு லூஸ் த டேஸ் பே. பழைய வழக்கமும் நிபந்தனையும் ஒரே 'டு'-வில். இலக்கணப் புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அதிகாரம். பாட்டிக்கு ஒரே மூச்சு.

ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன். "லயத்துல இருந்தோம்" என்பதை "வீடு லிவ்" என்று சொல்லக்கூடாது. திரும்பத் திரும்பச் செய்த செயலுக்குத்தான் இந்த வுட். இருந்த நிலைக்கு "யூஸ்டு டு லிவ்" அல்லது வெறும் "லிவ்டு".

12 மே, காலை 6.30

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன், தூங்கும்போதும் இதே நினைப்பு.

வுட்டின் வேலைகளை எண்ணிப் பாருங்கள். பழைய வழக்கம்: ஓடுவோம். மரியாதைக் கேள்வி: சொல்வீர்களா. நடக்காமல் போனது: வந்திருப்பேன். மூன்றிலும் நாம் எடுப்பது எதிர்கால வடிவத்தைத்தான். இவ்வளவு கையில் இருந்தும் நம் பிள்ளைகள் "இஃப் ஐ நோ, ஷுவர் ஐ கம்" என்கிறார்கள். ஏன்? தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைக்கு நாள் முழுக்க மலாய். "காலாவ் சாயா தாஹு, தெந்து சாயா டாத்தாங்." மலாயில் காலத்துக்காக வினை மாறாது, காலாவும் (இஃப்) தெந்துவும் (நிச்சயம்) இடமும் சேர்ந்து பொருளைச் சொல்லிவிடும். அது மலாயின் அழகு, அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலீஷுக்கு மலாய் வழியாகப் போனால் வினை மொட்டையாகவே நிற்கும்.

தமிழ் வழியாகப் போய்ப் பாருங்கள். "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்." இரண்டு பக்கமும் 'இரு' நிற்கிறது. "இஃப் ஐடு நோன், ஐடு ஹேவ் கம்." இரண்டு பக்கமும் 'டு' நிற்கிறது. முதலாவது ஹேட், இரண்டாவது வுட். இருந்தா என்ற இடத்தில் ஹேட், இருப்பேன் என்ற இடத்தில் வுட். படிவம் 1 பிள்ளைக்குக்கூடச் சில நிமிஷத்தில் பிடிபடுகிறது. டியூஷனில் தமிழ் பேசாதே, இங்கிலீஷ் வராது என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த இடத்தில் தமிழ்தான் கைப்பிடித்துக் கூட்டிப்போகிறது.

12 மே, இரவு 9.10

ஒரு வாசகர் சரியான இடத்தில் மடக்கியிருக்கிறார். "பணம் இருந்தா வாங்குவேன்" என்பதை எப்படி எடுப்பது?

ஆமாம், தமிழின் உதவிக்கு அங்கே ஓர் எல்லை இருக்கிறது. பணம் இருக்கலாம், பார்க்கிறேன் என்றாலும் "பணம் இருந்தா வாங்குவேன்". சல்லிக்காசு இல்லை, சும்மா ஆசைக்குச் சொல்கிறேன் என்றாலும் "பணம் இருந்தா வாங்குவேன்". குரலிலும் முகத்திலும் தெரியும், வினையில் தெரியாது. இங்கிலீஷ் இதை இரண்டாகப் பிரிக்கிறது. "இஃப் ஐ ஹேவ் த மணி, ஐ'ல் பை இட்." "இஃப் ஐ ஹேட் த மணி, ஐடு பை இட்." முன்னதில் கதவு திறந்திருக்கிறது, பின்னதில் சாத்தியிருக்கிறது. வித்தியாசம் ஹேவ், ஹேட், ல், டு.

இதற்கு என் வழி, பிள்ளையைத் தமிழில் "எங்கே..." சேர்த்துச் சொல்லவைப்பது. "பணம் இருந்தா வாங்குவேன், எங்கே இருக்கு!" எங்கே சேர்க்க முடிந்தால் ஐடு. சேர்க்க முடியாவிட்டால் ஐ'ல். எல்லா இடத்துக்கும் பொருந்தாது, ஆனால் பெரும்பாலும் காப்பாற்றும்.

15 மே, இரவு 9.55

வுட் ஹேவ் வரவேண்டிய இடத்தில் "வுட் ஆஃப்" என்று மகள் எழுதினாளாம், இங்கிலாந்து, அமெரிக்கப் பிள்ளைகளும் அப்படி எழுதுவதைக் காட்டினாளாம். அவர்கள் எழுதுவது உண்மைதான், பிழை என்பதும் உண்மை. ஹேவ் அழுத்தம் இழந்தால் 'அவ்' என்று மட்டும் ஒலிக்கும். ஆஃப் அழுத்தம் இழந்தாலும் அதே 'அவ்'. காதால் மட்டும் கற்றவர் கை ஆஃப் என்று எழுதிவிடும். நம் பிள்ளைகள் கண்ணால் கற்றவர்கள் என்பதால் இந்தப் பிழை இங்கே குறைவாக இருந்தது. இப்போது காணொளியோடு வருகிறது. மகளிடம் சொல்லுங்கள்: வுட்டுக்குப் பின்னால் வினைதான் வரும். ஆஃப் வினை இல்லை.

பேச்சில் இரண்டும் சேர்ந்தே ஒட்டும். ஐடவ், யூடவ், ஹீடவ், தேடவ். "ஐடவ் கம்" என்றால் ஐ வுட் ஹேவ் கம், வந்திருப்பேன். எழுத்தில் இரட்டைச் சுருக்கம் வேண்டாம், ஐடு ஹேவ் போதும். காது மட்டும் ஐடவ்வுக்குத் தயாராக இருக்கட்டும். "இஃப் ஐடு ஹேவ் நோன்" என்று இஃப் பக்கத்திலும் ஹேவ் சேர்ப்பதை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பேச்சில் தாராளமாகக் கேட்கலாம். பரீட்சையில் "இஃப் ஐ ஹேட் நோன்" மட்டுமே எழுதச் சொல்லுங்கள்.

16 மே, காலை 7.20

இது வேலை தேடும் பிள்ளைகளுக்கு. நம் ஊரில் வுட்டை வில்லின் மரியாதை வடிவம் என்று நினைத்துவிட்டோம். "ஐ வுட் பி கமிங் டுமாரோ" என்று மின்னஞ்சல் எழுதுகிறோம். நமக்கு அது பணிவு. வெளியாருக்கு அது அரைகுறை வாக்கியம், "வருவேன், ஆனால்..." என்று கேட்கும். நேர்முகத் தேர்வில் எப்போது வேலையில் சேர்வாய் என்று கேட்டால் "ஐ'ல் ஸ்டார்ட் ஆன் மண்டே". அங்கே ஐடு சொன்னால் உறுதி போய்விடும்.

பணிவு எங்கே வேண்டுமோ அங்கே ஐடுக்குத் தனி இடம் உண்டு. "ஐ வான்ட்" என்பதற்குப் பதில் "ஐடு லைக்". ஆனால் டகரத்தை விழுங்கிவிட்டால் "ஐ லைக்" ஆகிவிடும்: தண்ணீர் வேண்டும் என்று கேட்க நினைத்தவர், தண்ணீர் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னதாக முடியும்.

18 மே, இரவு 10.15

அடுத்த வினையைப் பார் என்று 7-ஆம் தேதி சொன்ன வழி உடையும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சில வினைகளுக்கு மொட்டை வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றே. கம், ரன், புட், கட், ஹிட், ஷட், லெட். "ஷீடு புட் இட் தேர்." வைப்பாள் என்பதா, வைத்திருந்தாள் என்பதா? வாக்கியத்துக்குள் விடை இல்லை. முன்னாலும் பின்னாலும் என்ன பேச்சு என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வெறும் "ஹீ செட் ஹீடு கம்" வருவதாகச் சொன்னதா, வந்திருந்ததைச் சொன்னதா தெரியாது. பின்னால் ஒரு "டுமாரோ" வந்தால்தான் வழி தெரியும். 'ரீட்' என்ற வினை எழுத்தில்தான் குழப்பும், காதில் ஐடு ரீட், ஐடு ரெட் என்று பிரிந்துவிடும்.

விஷ் சேர்ந்தால் வேறு அழகு. "ஐ விஷ் யூடு ஸ்டாப்": நிறுத்தமாட்டாயா என்ற சலிப்பு. "ஐ விஷ் யூடு ஸ்டாப்டு": நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்ற வருத்தம். 'டு' இரண்டிலும் ஒன்றுதான். மனம் வேறு.

கேள்விச் சொற்களில் இன்னொரு சிக்கல். "வேர்டு ஹீ கோ?" அங்கே ஒட்டியிருப்பது பெரும்பாலும் வுட்டும் இல்லை, ஹேட்டும் இல்லை, டிட். ஐ, யூ, ஹீ போன்ற சொற்களின் பின்னால் டிட் இப்படி ஒட்டாது. மகள் இதையும் காணொளியில் கேட்டிருப்பாள், கலந்துகொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

19 மே, இரவு 8.45

மகள் நேரே கேட்ட கேள்வி, அக்கா வழியாக வந்திருக்கிறது: "வுட் யூ கம்?" என்றால் "யெஸ், ஐடு" என்று சொல்லலாமா?

கூடாது தங்கம். வாக்கியம் அங்கேயே முடிந்தால் சுருக்கம் நிற்காது, 'டு' ஒட்ட, அதற்கு அடுத்து ஒரு வினை வேண்டும். "யெஸ், ஐ வுட்." உன் அம்மா விரும்பும் முழு வடிவத்துக்கு இதுதான் இடம். மறுப்புக்கு மட்டும் சுருக்கம் கடைசியிலும் நிற்கும்: "நோ, ஐ வுடன்ட்."

இட் என்ற சொல்லையும் பழகிக்கொள். மற்றவை உயிரொலியில் முடிவதால் 'டு' சும்மா ஒட்டுகிறது. இட் மெய்யில் முடிவதால் இடையில் ஒரு சின்ன அகரம் வேண்டும்: இட்டடு. தட் என்றால் தட்டடு. "இட்டடு பி நைஸ்", "தட்டடு பி கிரேட்" என்று சத்தமாகச் சொல்லிப் பார். சனிக்கிழமை வகுப்புக்கு வருவதாக அம்மா சொன்னார். லாசா சாலைக் கடைவீட்டு மாடி, மூன்று மணி. பாட்டி, தாத்தா யாராவது தோட்டத்துக் கதை சொல்வார்கள் என்றால் பதிந்து எடுத்து வா, அதிலிருந்தே தொடங்குவோம்.